அவர் பேச்சுக்கு ஒரு பெட்டி

என் கணவரை ராய்ப்பூரிலிருந்து ஆம்புலன்சில் கொண்டுவந்து இறக்கிய அன்று, கட்டிலை எங்கே போடுவது என்பதில்தான் முதல் குழப்பம் வந்தது. படுக்கையறை வாசல் குறுகல், சக்கர நாற்காலி நுழையாது. அதனால் டிவி மாட்டியிருந்த முன்னறையிலேயே போட்டோம். அதன்பிறகு அவர் கண் விழித்தால் எதிரே தெரிவது அந்த டிவிதான்.

அவர் ரிக் லாரியில் டிரில்லர். திருச்செங்கோட்டைச் சுற்றியிருக்கிற எங்கள் ஊர்களில், போர் போடும் அந்த லாரிகளில் ஏறி வடக்கே போன ஆள் இல்லாத வீடு குறைவு. இவர் கல்யாணத்துக்கு முன்பே போக ஆரம்பித்தவர். கடைசி வருடங்கள் முழுக்க சத்தீஸ்கரில்தான். அங்கே மழை பிடித்துவிட்டால் லாரி வயலுக்குள் இறங்காது, சேற்றில் புதைந்துவிடும். அந்த மாதங்களில்தான் ஊருக்கு வருவார். வந்தால் முதல் ஒரு வாரம் தூங்குவார். பிறகு கொஞ்சம் தென்னையைப் பார்ப்பார், கொஞ்சம் குச்சிக்கிழங்குக் காட்டைப் பார்ப்பார், மகளோடு உட்கார்ந்து இந்த டிவியில் கிரிக்கெட் பார்ப்பார். வெயில் அடிக்க ஆரம்பித்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நாங்கள் சேர்ந்து இருந்த மாதங்களைக் கூட்டிப் பார்த்தால் ஆறேழு வருடம்தான் தேறும்.

வேலை நடந்துகொண்டிருந்த இடத்திலேயே பக்கவாதம் வந்து விழுந்திருக்கிறார். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று. அவரோடு ஒரே லாரியில் ஓட்டுநராக இருந்த எங்கள் ஊர்க்காரர்தான் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து, ஆம்புலன்சிலும் ஏறி வந்து இறக்கிவிட்டார். மறுநாளே அவர் திரும்பிப் போகவேண்டியிருந்தது. லாரி நிற்கக் கூடாது.

நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். காலையில் போனால் சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவி, கணக்கெழுதி முடித்து வர மதியம் தாண்டிவிடும். வேலையை விட்டால் சோறு இல்லை. எனவே காலையில் அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, கஞ்சி ஊட்டி, டிவியைப் போட்டுவிட்டுப் போவேன். பக்கத்து வீட்டு அக்கா நடுவில் ஒருமுறை வந்து தண்ணீர் கொடுத்து, புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போவார். மீதி நேரமெல்லாம் அவரும் டிவியும்தான்.

கேபிளில் வந்ததெல்லாம் தமிழ்ச் சேனல்கள். அவர் பார்க்க மாட்டார். ரிமோட்டை இடது கையில் கொடுத்தால் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருப்பார். நான் சேனல் மாற்றிப் பார்ப்பேன். சீரியல், செய்தி, பழைய படம், சமையல். எதற்கும் முகம் திரும்பாது. நான் பேசினாலும் அப்படித்தான். “ஏனுங்க, வலிக்குதுங்களா? திலும்பிப் படுக்கறீங்களா?” என்று கேட்டால், புரியாத ஆளைப் பார்ப்பதுபோல என் வாயையே பார்ப்பார். மகள் பெங்களூரிலிருந்து போனில் அழைத்து “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டபோதும் அதே பார்வைதான். அவள் போனை வைத்துவிட்டாள்.

அவருக்கு ஒரே ஒரு சொல் இருந்தது. “பானி.”

தண்ணீர் என்று எனக்கும் தெரியும். டம்ளரை எடுத்துப்போவேன். உதட்டில் வைத்தால் தள்ளிவிடுவார். கீழே வைத்ததும் மறுபடியும் “பானி?” என்பார். ஒருநாள் நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ தட்டிவிட்டதில் மெத்தை முழுக்க நனைந்துவிட்டது. அப்போதுதான் உறை மாற்றியிருந்தேன். “வேண்டாம்னா கேக்காம இருங்களே!” என்று கத்திவிட்டேன். அவர் பயந்துபோய் இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அடிப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் பின்பக்கம் போய் உறையைத் துவைக்கிற சாக்கில் வெகுநேரம் நின்றேன்.

ஆடி மாதம் லாரிகள் ஊர் திரும்பின. அந்த ஓட்டுநர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, “அண்ணோவ், எப்படி இருக்கறீங்க?” என்று தமிழில் கேட்டார். பதிலில்லை. கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, பழக்கதோஷத்தில்தான் இருக்கவேண்டும், இந்தியில் ஏதோ சொன்னார். லாரியில் இவர்கள் பேசிக்கொள்ளும் மாதிரி, பாதி அதட்டலாக.

என் கணவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனது, ஆனாலும் சிரிப்புதான். பிறகு, டீ டம்ளர்களோடு நான் வாசலில் நிற்கும்போதே, தெளிவாகக் கேட்டார்:

“கித்னா ஃபுட் ஹுவா?”

ஓட்டுநர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு அவர் பக்கம் திரும்பி, “தோ சௌ” என்றார்.

“பானி?”

“அபி நஹி.”

என் கணவர் தலையை ஆட்டிவிட்டு, திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்னங்க சொன்னாரு?” என்று கேட்டேன்.

“எத்தன அடி போயிருக்குதுன்னு கேட்டாருங்க அக்கா. எரநூறுன்னேன். தண்ணி வந்துருச்சான்னாரு. இன்னம் இல்லைன்னேன்.” ஓட்டுநர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாயின்ட்டுல நிக்கறாப்பல நெனச்சுட்டு இருக்கறாருங்க.”

அத்தனை மாதமாக அவர் குடிக்கத் தண்ணீர் கேட்கவில்லை. போர் போடும் இடத்தில் நின்றுகொண்டு, நிலத்தடியில் தண்ணீர் தட்டுப்பட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேச்சு வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்று எனக்கு அப்படி வரவில்லை. என்னிடம் ஒரு சொல்கூட வராத மனிதர் இன்னொரு பாஷையில் முழு வாக்கியம் பேசுகிறார். அதற்கு ஓட்டுநர் பதில் சொல்கிறார். என் வீட்டில், டீயைக் கையில் வைத்துக்கொண்டு, நான் மூன்றாம் மனுஷியாக நின்றேன்.

சேலத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவரிடம் கூட்டிப்போனோம். மூளையில் அடிபட்ட இடத்தைப் பொறுத்து, சிலருக்குத் தாய்மொழி போய், பின்னால் கற்ற மொழி நின்றுவிடுவது உண்டு என்றார். அபூர்வம்தான், ஆனால் உண்டு. “அவருக்கு எது வருதோ அதை நிறையக் கேக்க விடுங்க. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மத்ததை இழுத்துப் பாக்கணும். வந்துரும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்மா” என்றார். உறுதி சொல்லாததால் அவரை எனக்குப் பிடித்தது.

கேபிள்காரரிடம் சொல்லி இந்திச் சேனல்களைச் சேர்த்தேன். நகை போட்ட பெண்கள் முறைத்துக்கொண்டார்கள். செய்தியில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இவர் சுவரைப் பார்த்தார். ஓட்டுநர் வந்து பார்த்துவிட்டு, “இது டவுன்காரன் இந்திங்க அக்கா. நாங்க பேசறது அந்தக் காட்டுக்காரங்க பேச்சு” என்று சொல்லி, தன் செல்போனில் தேடி ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். ஏதோ கிராமத்துச் சந்தை. சாக்கு விரித்துக் காய் விற்கிறவர்களும், விலை பேசுகிறவர்களும், பின்னால் ஒரு பாட்டும். என் கணவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். தானாகத் தலை தூக்கியது அதுதான் முதல்முறை. ஆனால் வலதுபக்கப் பார்வை அவருக்குக் குறைந்துபோயிருந்தது. செல்போனின் சின்னத் திரையை அவரால் தொடர முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் களைத்துப்போனார்.

மகளிடம் சொன்னேன். “அப்ப டிவில நெட் வர்ற மாதிரி பாக்ஸ் ஒண்ணு வாங்கிரும்மா. செல்போன்ல வர்றதெல்லாம் பெரிசா டிவில வரும்” என்றாள். அன்றிலிருந்து எனக்கு அந்தப் படிப்பு ஆரம்பித்தது.

அதற்குமுன் அப்படி ஒரு பொருள் இருப்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் டிவி அவர் ஒரு மழைக்காலத்தில் வந்தபோது வாங்கியது. தட்டையானது, படம் இன்றைக்கும் தெளிவுதான், ஆனால் நெட் கிடையாது. திருச்செங்கோட்டில் பெரிய கடை ஒன்றில் கேட்டபோது, அங்கே இருந்தவர் பெட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. “பழைய டிவிக்குச் செலவு பண்ணாதீங்க. புது டிவியே தவணைல எடுத்துருங்க” என்று சுவரளவு டிவிகளுக்கு நடுவில் என்னை நடத்திக்கொண்டுபோனார். மாத்திரைக்கும் கை கால் பயிற்சிக்கும் போனபின் எங்களிடம் தவணை கட்ட என்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்லவா முடியும்? பார்த்துவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

மகள் போனில் வகை வகையாக அனுப்பினாள். டிவிக்குப் பின்னால் செருகிவிடும் குச்சி போன்ற ஒன்று. உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று. கேபிள்காரர்களே கொடுக்கும், சேனலும் நெட்டும் சேர்ந்து வரும் பெட்டி ஒன்று. “பின்னாடி எச்.டி.எம்.ஐ. எத்தனை இருக்குன்னு பாரும்மா” என்றாள். டிவியைச் சுவரிலிருந்து சாய்த்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதிலும் கேபிள் பெட்டி செருகியிருந்தது. புதியதைச் செருகினால் கேபிள் போய்விடும். போகட்டும் என்று முடிவு செய்தேன். தமிழ்ச் சேனல் பார்த்தது நான் மட்டும்தான்.

முதலில் வாங்கியது தவறானது. ஒரு வேலையாகச் சேலம் போனபோது, பஜாரில் ஒரு சந்துக்கடையில் “மாதக் கட்டணம் இல்லை, வாழ்நாள் முழுக்க இலவசம்” என்று எழுதிப் போட்டிருந்தது. கறுப்புப் பெட்டி, மேலே பெயர் எதுவும் இல்லை. “எல்லா மாநிலச் சேனலும் வரும்க்கா. சத்தீஸ்கர், ஒடிசா, எது வேணுமோ வரும்” என்றார் கடைக்காரர். சத்தீஸ்கர் என்ற சொல்லை அவர் வாயாலேயே கேட்டதும் வாங்கிவிட்டேன். விலை மற்றதைவிடக் குறைவு என்பதும் உண்மை. மகள் கேள்விப்பட்டு, “அதெல்லாம் திருட்டு பாக்ஸும்மா” என்று கோபித்துக்கொண்டாள்.

கேபிள்காரரிடமே நெட் இணைப்பு வாங்கி மாட்டியதும் முதல் சில நாட்கள் ஓடியது. பிறகு தொட்டால் சுடும் அளவுக்குச் சூடானது. படம் நின்று நின்று வந்தது. நடுநடுவே ஏதேதோ விளம்பரம் தலை நீட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். நான் மதியம் திரும்பும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. ஓடினேன். திரையில் சூதாட்ட விளம்பரம் ஒன்று, ஒரு பெண் சிரித்துக்கொண்டே சீட்டு போடுகிறாள், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, உச்சச் சத்தத்தில். எப்போது மாட்டிக்கொண்டதோ தெரியாது. ரிமோட் கட்டிலுக்கடியில் கிடந்தது. அவர் தலையணையை ஒற்றைக் கையால் இழுத்துக் காதின்மேல் அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் கிடந்தார். படுக்கை நனைந்திருந்தது. உதட்டைக் கடித்ததில் ரத்தம் காய்ந்திருந்தது. ஒயரைப் பிடுங்கினேன். சத்தம் நின்ற பிறகும் அவர் தலையணையை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனபோது, “இதுக்கெல்லாம் கேரண்டி கெடையாதுங்களே” என்றார் அந்தக் கடைக்காரர். நான் சண்டை போடவில்லை. பெட்டியை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்து நாமக்கல்லில் ஒரு கடை. இந்தமுறை எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது. பில் வேண்டும், கேரண்டி வேண்டும், பெயருள்ள கம்பெனியாக இருக்கவேண்டும். படம் எவ்வளவு துல்லியம் என்று கடைக்காரர் சொல்ல வந்தபோது, “ரிமோட்ட மட்டும் காட்டுங்க” என்றேன். இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று விரலளவு சிறியது, பொத்தான்கள் நெருக்கம். இன்னொன்று சற்றுத் தடிமன், பொத்தான்கள் குறைவு, மேலே தனியாகப் பேசுகிற பொத்தான். இரண்டையும் மாற்றி மாற்றி இடது கையில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன்.

“யாருக்குங்க?” என்றார்.

சொன்னேன். அதன்பின் விலை உயர்ந்த எதையும் அவர் காட்டவில்லை. “இந்தி பேசுனா இதுக்குப் புரியும். சத்தீஸ்கர்க்காரங்க பேச்சு புரியுமான்னு எனக்குத் தெரியாதுங்க” என்றார். தடிமனான ரிமோட் உள்ளதை வாங்கினேன்.

மகள் சனி ஞாயிறு வந்து எல்லாவற்றையும் பொருத்தினாள். கேபிள்காரரிடம் வாங்கியிருந்த நெட் இணைப்பையே இதிலும் சேர்த்தாள். பெட்டியின் மொழியை இந்திக்கு மாற்றினாள். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து எதைப் போடுவது என்று சொன்னார். சந்தை, திருவிழா, நெல் அறுப்பு, மாட்டு வண்டி என்று போய்க்கொண்டே இருந்தவர் கடைசியில், “போர் போடற வீடியோ இருக்கும், போடு சாமி” என்றார்.

இருந்தது. ஒன்றிரண்டல்ல, எக்கச்சக்கமாக. எங்கோ ஒரு வயல், நடுவில் லாரி, சுற்றிலும் ஊர் ஜனம். புழுதி பறக்கிறது, நிலத்துக்குள் இரும்பு ராடு ராடாக இறங்குகிறது, திடீரென்று சேறும் தண்ணீருமாகப் பீறிடுகிறது. வயலுக்குச் சொந்தக்காரர்கள் நனைந்துகொண்டே ஆடுகிறார்கள். என் கணவர் இடது கையைத் தூக்கி, மேலும் கீழும் ஆட்டி யாருக்கோ சைகை காட்டினார். “ராட மாத்தச் சொல்றாருங்க” என்றார் ஓட்டுநர். மகள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அத்தனை வருடம் இவர் என்ன வேலை செய்தார் என்பதை நான் பார்த்ததே அந்த வீடியோக்களில்தான். எல்லாவற்றிலும் தண்ணீர் வரவில்லை. சிலவற்றில் கடைசி வரைக்கும் வெறும் புழுதிதான். ஒரு பெண் தலையில் கைவைத்து லாரிச் சக்கரத்தருகே உட்கார்ந்துவிடுவாள். அப்படி முடிந்தால் இவர் அன்று முழுவதும் சாப்பிட மாட்டார். எது எப்படி முடியும் என்று முன்கூட்டியே தெரியாததால் என்னால் தடுக்கவும் முடியவில்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. நீண்ட நேரம் யாரும் தொடாவிட்டால் அந்தப் பெட்டி படத்தை நிறுத்திவிட்டு ஏதோ கேள்வி கேட்கும். இந்தி எழுத்தில் இருந்ததால் எனக்குப் படிக்கத் தெரியவில்லை; படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். “இன்னும் பாத்துக்கிட்டு இருக்கீங்களான்னு கேக்குதும்மா” என்றாள் அவள், தன் செல்போனில் மொழிபெயர்த்துப் பார்த்து. பொத்தானை அமுக்கினால் தொடரும். இவருக்கு அது தெரியாது. நான் திரும்பி வரும்போது அந்தக் கேள்வி அசையாமல் திரையில் நிற்கும். இவரும் அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளியில் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து, இந்நேரம் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

புரட்டாசியில் லாரி மறுபடி வடக்கே கிளம்பியது, ஓட்டுநரும் போய்விட்டார். இவரோடு பேச ஆளில்லாமல் போயிற்று. அதன்பிறகுதான் இவர் ரிமோட்டிலிருந்த பேசுகிற பொத்தானைக் கண்டுபிடித்தார். தற்செயலாக அமுங்கியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ரிமோட்டை வாயருகே வைத்து எதையோ குழறினார். திரையில் எழுத்துகள் தோன்றின. சொன்னதை அந்தப் பெட்டி எழுதிக் காட்டியிருந்தது.

மறுபடி அமுக்கினார். அதையே சொன்னார். அதே எழுத்துகள்.

வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டு போய், செல்போனில் திரையைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். பிறகு அவளே அழைத்தாள்.

“எனக்கு வீட்டுக்குப் போகணும்னு இருக்கும்மா.”

“என்ன கண்ணு?”

“அப்பா சொல்றாரு. அவருக்கு வீட்டுக்குப் போகணுமாம்.”

நான் அவரிடம் போய்க் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினேன். “ஊட்லதானுங்க இருக்கறீங்க. இதுதானுங்க நம்ம ஊடு. பாருங்க” என்று சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தைக் காட்டினேன். மரியாதையாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “பாபி” என்று ஆரம்பித்து மறுபடியும் அதையே சொன்னார். முஜே கர் ஜானா ஹை.

அன்று பகல் முழுக்க எனக்குள் ஒரே கேள்வி. எந்த வீடு? வருடத்தில் முக்கால்வாசி அங்கே இருந்தவர். ஊரில் அப்படி இரண்டு குடும்பம் வைத்திருந்த ஆட்களின் கதை எனக்குத் தெரியும். சாயங்காலம் ஓட்டுநரை அழைத்தேன். கம்ப்ரஸர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. லாரியைவிட்டுத் தள்ளிப்போய்ப் பேசினார்.

“நேராக் கேக்கறனுங்க. அவருக்கு அங்க ஊடு ஏதும் இருந்துதுங்களா?”

“ஐயோ அக்கா! லாரியத் தவுத்து அவருக்கு என்னங்க ஊடு? கேபின்லதான் படுத்துக்குவாரு.” பிறகு அவரே தொடர்ந்தார். “வானம் கறுத்துதுன்னாப் போதும், வேல புடிச்சுக் குடுக்கற ஏஜென்ட்டுகிட்டப் போயி இதயேதானுங்க சொல்லீட்டு நிப்பாரு. முஜே கர் ஜானா ஹை. ஊட்டுக்குப் போகணும், கணக்க முடிச்சுக் குடுன்னு. ஏஜென்ட்டு அத்தன சுலபத்துல உடமாட்டான். நாங்க எல்லாருமே அங்க மொதல்ல கத்துக்கறது அந்தப் பேச்சத்தானுங்க அக்கா.”

“பாபின்னா?”

“அண்ணிங்க. போர் போடற காட்டுல டீ, சோறெல்லாம் கொண்டாந்து குடுப்பாங்கல்ல, அந்த ஊட்டுப் பொம்பளைங்க. அவுங்கள அப்படித்தான் கூப்புடுவோம்.” சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும். “அக்கா, அவரு வேணும்னு சொல்லலீங்க...”

நான் போனை வைத்துவிட்டேன். அவரைச் சந்தேகப்பட்டதற்கு அழவா, சந்தேகம் பொய்யானதற்கு அழவா என்று தெரியவில்லை. இங்கே வரத்தான் அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்தது தெரியாமல், வேறு யாரோ ஒருத்தியின் வீட்டில் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் என்னிடமே கெஞ்சினார்.

மறுவாரம் ஓட்டுநரை மறுபடி அழைத்து, அந்த ஏஜென்ட் என்ன பதில் சொல்வான் என்று கேட்டேன். சொல்லிக்கொடுத்தார். அதை மனப்பாடம் செய்தேன். அதன்பின் இவர் கேட்கும்போதெல்லாம், “பாரிஷ் ஆனே தோ, ஃபிர் ஜானா” என்றேன். மழை வரட்டும், அப்புறம் போகலாம். என் உச்சரிப்பு எப்படி இருந்ததோ, அவருக்குப் புரிந்தது. “அச்சா” என்று அடங்கிவிடுவார். டிவியில் லாரி ஓடிக்கொண்டிருக்கும். ஏஜென்ட் வேலையையும் நானே பார்த்தேன். அதில் எனக்கு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை. அவர் அடங்கினார் என்பது மட்டும்தான்.

ஐப்பசியில் எங்கள் பக்கத்து மழை பிடித்தது. மதியத்திலிருந்து தகரக் கூரையில் கொட்டியது. நெட் போய், டிவி வெறுமையாக நின்றது. அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “பாரிஷ்” என்றார். முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

அதற்கு அடுத்த வாக்கியம் எனக்குத் தெரியாது. “சரிங்க, போலாமுங்க” என்று தமிழிலேயே சொன்னேன். மழை விட்டதும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, இருவருமாக அவரைச் சக்கர நாற்காலியில் தூக்கி உட்கார வைத்தோம். சால்வை போர்த்தி, தெருவில் தள்ளிக்கொண்டுபோனேன். மாரியம்மன் கோயில் வரைக்கும் போய், தண்ணீர் தேங்கின பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு திரும்பினேன். எங்கள் வாசலுக்கு எதிரே நிறுத்தி, “ஊடு வந்துருச்சுங்க” என்றேன்.

அவர் வீட்டைப் பார்த்தார். கதவு, ஜன்னல், முருங்கை மரம் எல்லாவற்றையும் பார்த்தார்.

“அச்சா கர் ஹை” என்றார்.

நல்ல வீடு என்று சொல்கிறார். அந்த அளவுக்கு எனக்கு இந்தி வந்திருந்தது. வேறு யாருடைய வீட்டையோ பார்த்து, விருந்தாளி சொல்வதுபோல. “ஆமாங்க” என்று சொல்லி உள்ளே தள்ளிப்போனேன்.

கார்த்திகையில் வாதம் இரண்டாவது தடவை வந்தது. அதில் அந்த இந்தியும் போய்விட்டது. கண் திறந்திருக்கும், எதையும் பின்தொடராது. ஆனாலும் காலையில் போகும்போது பெட்டியைப் போட்டுவிட்டுத்தான் போவேன். நெட்டுக்கு எதற்கு வீண் செலவு என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். அவருக்குக் கேட்கிறதா இல்லையா என்று எனக்கு யாரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. மார்கழியில் சேலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. நானும் மகளும் பக்கத்தில் இருந்தோம்.

காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், பரமத்தி வேலூர் சாலையில் வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போகும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். அவள் கணவனும் ரிக்கில் போனவன். ஒடிசாவில் ராடு தலையில் அடித்து, அங்கே ஆபரேஷன் ஆகி, அந்த வாரம்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். என் கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அக்கா, நீங்க டிவிக்கு ஒரு பொட்டி வாங்கி மாட்டுனீங்களாமே. எதுங்க வாங்கறது? கொறஞ்ச வெலைல இருந்தாச் சொல்லுங்க.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெயர் இல்லாத பெட்டியை வாங்காதே. பில் கேள். கடைக்குப் போவதற்குமுன் டிவிக்குப் பின்னால் செருகுகிற இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். ரிமோட்டை அவன் எந்தக் கையில் பிடிப்பானோ அந்தக் கையில் நீ பிடித்துப் பார். சத்தம் மாட்டிக்கொண்டால் ஒயரைப் பிடுங்க எட்டுகிற மாதிரி வை. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எழுந்து செருப்பைப் போட்டவள் போகாமல் நின்றாள்.

“அக்கா, பேச்சு வந்துருமுங்களா?”

மகளைப்போல இருந்தாள். பொய் சொல்ல வாய் வந்தது.

“தெரியல சாமி” என்றேன். “மொதல்ல அவன் என்ன பேசறான்னு கவனமாக் கேளு. புரியலைன்னா, அவனோட லாரில இருந்தவங்க யாரையாச்சும் கூட்டியாந்து கேக்கச் சொல்லு. நான் அத ரொம்ப லேட்டாத்தான் செஞ்சேன்.”

சரிங்க அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைக்கு வருகிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் பள்ளி முடிந்ததும் நானே அவள் வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறினேன்.